பி.ஏ.வும் கரி பஸ்ஸும்

ஆனி 24, வெள்ளி

சாரல் பிடித்துவிட்டது. துணி எதுவும் காயவில்லை. உளுந்து காயப் போட வழியில்லை.

காலேஜில் படித்த ஆங்கில நாவலை மறுபடி எடுத்தேன். பிரபு ஏழைப் பாதிரியார் மகளைக் கட்டினால் மாளிகையில் விருந்து. பிரபு மகள் குதிரைக்காரனைக் கட்டினால் அடுத்த அத்தியாயத்தில் இருமல், கடைசியில் சாவு. எல்லா நாவலிலும் இதே கணக்கு. பெண் ஏறலாம், இறங்கக் கூடாது.

நம் வீட்டிலும் அப்படித்தான். அத்தை (அப்பாவின் தங்கை) நேற்று வந்து தன் மகன் செல்லையா அத்தானுக்கு என்னைக் கேட்டாள். முறை மாப்பிள்ளை. படிப்பு எட்டாவது. தென்காசி-குற்றாலம் பஸ் டிரைவர். பின்னால் கரி அடுப்பு எரித்து அந்த வாயுவில் ஓடும் பஸ். (இனி செ.அ.)

அம்மா: "குடும்பத்துலயே மொத பி.ஏ. டிரைவருக்குக் குடுக்கவா?"

அரிசிக்கடை வைக்கும் முன்பு அப்பா மாட்டுவண்டி ஓட்டியவர். "என்னைய நீ கட்டிக்கிடலையா? நான் ரெண்டு மாடு, அவன் ஒரு கரி அடுப்பு. அம்புட்டுதான்."

"அப்ப நான் படிக்கல" என்றாள் அம்மா.

"நீ என்னட்டி சொல்லுத?" என்றார் என்னிடம். பிடித்திருக்கிறது என்று சொல்ல வேண்டும். அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன். அம்மா அதை 'வேண்டாம்' என்று எடுத்துக்கொண்டாள்.

ஆனி 26, ஞாயிறு

குற்றாலம். ராயகிரி மிராசு வீட்டார் பெண் பார்க்க வந்தார்கள். பையன் தாலுகா ஆபீஸில். இதற்கு அருவிதான் வசதி. பிடிக்காவிட்டால் "குளிக்க வந்தோம்" என்று போய்விடலாம்.

தலையில் எண்ணெய் வழிய நின்றேன். பையனின் அம்மா: "பி.ஏ.வாமே? முதுகு தேய்ச்சுவிடத் தெரியுமா?" தலையாட்டினேன்.

யுத்தத்தால் பெட்ரோல் கிடையாது. அவர்கள் கார் கொட்டகையில். திரும்பும்போது எல்லோரும் ஒரே பஸ், செ.அ. ஓட்டும் கரி பஸ். சின்ன மேட்டில் புகை கக்கி நின்றது.

"எல்லாரும் எறங்கி ஒரு கை குடுங்க!" வழக்கம்தான். அப்பா முதல் ஆள். ராயகிரிக்காரர், பையனின் அப்பா, குடையை மடியில் வைத்து உட்கார்ந்தபடி: "டிக்கெட் எடுத்தவன் தள்ளணுமாக்கும்?"

செ.அ.: "இருங்க சார். ஒங்களையும் சேத்தே தள்ளிருவோம்."

சிரிப்பை அடக்க முடியவில்லை. என்ன நினைத்தேனோ, நானும் இறங்கித் தள்ளினேன். கை முழுக்கக் கரி. சன்னல் வழியாக அம்மா: "ஏட்டி! ஏறுட்டி!"

பஸ் கிளம்பிவிட்டது.

ஆனி 28, செவ்வாய்

மழை. தரகர் வந்தார். "பஸ் தள்ளுத பொண்ணு எங்க அந்தஸ்துக்குச் சரிப்படாது" என்றார்களாம்.

அம்மா சாப்பிடவில்லை. அப்பா அம்மா பங்கையும் சாப்பிட்டார். எனக்கு உள்ளுக்குள் தீபாவளி.

சாயங்காலம் அம்மா: "செல்லையாவ ஒனக்குப் பிடிச்சிருந்தா ஒன் வாயால சொல்லு. சொன்னாத்தான் சம்மதிப்பேன். பொறவு என்னையக் குத்தம் சொல்லப்படாது."

நியாயம்தான். சொல்லப் போனேன். உப்பு எங்கே என்று கேட்டுவிட்டுத் திரும்பி வந்தேன்.

ஆனி 30, வியாழன்

சாரல், நடுவே வெயில். அத்தையும் செ.அ.வும் வந்தார்கள். நான் அடுப்படியில், உளுந்தவடை.

கூடத்தில் அம்மா: "கல்யாணப் பத்திரிகையில அவ பேருக்குப் பக்கத்துல பி.ஏ. இருக்கும். இவன் பேருக்குப் பக்கத்துல என்னத்தப் போட?"

அத்தை: "டிரைவர்னு போடுங்க மதினி. களவாணின்னா போடச் சொல்லுதேன்?"

செ.அ.: "பஸ் நம்பரப் போடுங்க அத்தை. ஊருக்கே தெரியும்."

அம்மா: "யாருக்குலே தெரியும்? நாங்களும்தான் ஏறி எறங்குதோம். இங்கன யாருக்காவது ஒன் நம்பர் தெரியுமா?"

அடுப்படியிலிருந்து முழு நம்பரையும் சொல்லிவிட்டேன். சத்தமாக.

வடை கருகுகிற வாசனை.

பிறகு அம்மா குரல்: "சரி. சொல்லிட்டா."