குத்துக்காலிட்டு உட்கார்ந்தவர்கள்

பணி நாள் 1 — காலை 10:20

நிலவின் தென்முனை நிலையம். காற்றழுத்தம் சரி. வெப்பம் சரி. குடிநீரில் பிளாஸ்டிக் வாடை. என்னை இறக்கிவிட்ட ஓடம் திரும்பிப் போய்விட்டது. வேலை முடிந்ததும் வந்து அழைத்துப்போகும்.

பதிவு செய்வது ஜெபசீலி. திருநெல்வேலிப் பக்கம் ஒரு கல்லூரியில் முதலாமாண்டுக்கு உடல்சார் மானிடவியல் எடுப்பவள். குரங்கிலிருந்து மனிதன் வந்தானா என்ற ஒரே கேள்விக்கு வருஷா வருஷம் பதில் சொல்லித் தொண்டை கட்டியவள்.

நிலையத்தை விரிவாக்கச் சுவரை உடைத்தபோது பின்னால் மூடிய அறை ஒன்றும் அதில் எலும்புக்கூடுகளும் இருந்தன. வேலை நின்றது. இருந்தவர்களைக் கீழே பூமிக்கு அனுப்பிவிட்டார்கள். முன்பு இங்கே பயிற்சிக் கல்லூரி ஒன்று தொடங்கும் திட்டம் இருந்ததாம். அதற்குக் கொண்டுவந்த பாட மாதிரிகளாம் இவை. பார்த்து, ஆமாம் என்று சான்று சொல்ல வேண்டும். பெரிய பெரிய பேராசிரியர்களை விட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டார்களே என்று வழியெல்லாம் பெருமைப்பட்டுக்கொண்டே வந்தேன்.

பணி நாள் 2 — மாலை 4:05

எலும்புக்கூடுகள் ஆறு. ஐந்து ஆண்கள், ஒரு பெண். இடுப்பெலும்பைப் பார்த்தாலே தெரிகிறது.

கல்லூரி எலும்புக்கூட்டில் கம்பி கோக்கத் துளை இருக்கும். வெளுத்து, வார்னிஷ் பூசி, கறுப்பு மையால் எண் எழுதியிருப்பார்கள். இவற்றில் துளை இல்லை, கம்பி இல்லை, எண் இல்லை.

கணுக்கால் பக்கம், கீழ்க்கால் எலும்பின் முன்விளிம்பில் வழவழப்பான சிறு தடம். ஆறு பேருக்கும் இருக்கிறது. சிறு வயதிலிருந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்து பழகியவர்களுக்கு விழும் தடம் அது. நாற்காலியிலேயே வளர்ந்தவர்களுக்கு விழாது. இந்தப் பாடத்தை எடுக்கும்போது வகுப்பில் நானே குத்துக்காலிட்டு உட்கார்ந்து காட்டுவேன். பிள்ளைகள் சிரிப்பார்கள்.

என்னை இங்கே அனுப்பிவிட்டுப் பூமியில் இருக்கும் திட்ட அதிகாரி சம்பத்குமாரிடம் அலைவரிசையில் சொன்னேன். பதில்:

"அதான் மேடம். காலேஜ் எலும்புக்கூடெல்லாம் ஒரு காலத்துல நம்ம நாட்டுலேருந்துதானே ஏத்துமதி ஆச்சு? ஏழைபாழைங்க எலும்பு. அப்ப அந்தத் தடம் இருக்கத்தானே செய்யும்?"

அவர் சொன்னது உண்மை. ஆள் படித்துவிட்டுத்தான் பேசுகிறார். எரிச்சலாக இருந்தது.

பணி நாள் 4 — பகல் 12:40

ஸ்கேன் முடிந்தது. மூன்று முறை எடுத்தேன்.

தோள், கை எலும்புகள் கெட்டி. தசை பிடித்த இடமெல்லாம் மேடு தட்டியிருக்கிறது, உழைத்த கைகள். இடுப்பும் தொடையும் மட்டும் ரஸ்க் மாதிரி பொறபொறவென்று இருக்கின்றன. முதுமையில் தேய்ந்தால் எல்லா எலும்பும் தேயும். இவர்களில் யாருக்கும் நாற்பது வயது ஆகவில்லை. கால்கள் உடலின் பாரத்தையே மறந்துபோகும் இடத்தில் வருஷக்கணக்காக வேலை செய்தவர்களுக்குத்தான் இப்படி ஆகும். எங்கள் ஊர் ஏழையின் எலும்பை வாங்கிவந்து வைத்தால் இப்படி இருக்காது.

இவர்கள் இங்கே வாழ்ந்தவர்கள்.

அந்தப் பெண்ணின் கழுத்தெலும்புகள் நசுங்கித் தட்டையாக இருக்கின்றன. இதே கழுத்தை அரசு மருத்துவமனை எக்ஸ்ரேயில் பார்த்திருக்கிறேன். அது என் அம்மாவின் கழுத்து. அம்மா சித்தாள் வேலை பார்த்தவள். செங்கல் சுமந்துதான் என்னைப் படிக்கவைத்தாள். படம் பார்த்த டாக்டர் இனிமேல் பாரம் தூக்காதீர்கள் என்றார். அம்மா மறுநாளே வேலைக்குப் போனாள்.

நிலையத்தின் வாசலில் பித்தளைப் பலகை ஒன்று இருக்கிறது. 'மனிதக் கை படாமல் இயந்திரங்களே கட்டிய முதல் நிலையம்.' அதைப் படித்துவிட்டுத் தனியாக நின்று சிரித்தேன்.

சிரிப்பு நின்ற பிறகு அந்த அறையின் கதவைப் பார்த்தேன். இரும்பைப் பற்றவைத்து, வெல்டிங் போட்டு மூடியிருக்கிறார்கள். பற்றவைத்த தழும்பு வெளிப்பக்கம் இருக்கிறது.

பணி நாள் 4 — மாலை 5:30

எல்லாவற்றையும் சம்பத்குமாரிடம் சொல்லிவிட்டேன். வேலை கொடுத்தவரிடம்தான் முடிவை முதலில் சொல்ல வேண்டும் என்பது எங்கள் துறைப் பழக்கம். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

"சரி மேடம். நீங்க யார்கிட்டயும் பேசலியே?"

"இல்ல சார். உங்ககிட்டதான் முதல்ல சொல்லுதேன்."

"நல்லது. ரெஸ்ட் எடுங்க."

பணி நாள் 6 — காலை 9:15

கல்லூரிக்கும் வீட்டுக்கும் பேசும் அலைவரிசை வேலை செய்யவில்லை. சம்பத்குமாருடைய அலைவரிசை மட்டும் ஜோராக வேலை செய்கிறது.

"ஓடத்துல சின்ன ரிப்பேர் மேடம். அது பாட்டுக்கு அது நடக்கும். நீங்க சான்றைப் பேசி அனுப்பிட்டீங்கன்னா இந்தப் பக்கமும் வேலை மளமளன்னு முடிஞ்சிடும்."

"ஆறு பேரைப் பூட்டிக் கொன்னுருக்காங்க சார். அவங்க வீட்டுல இன்னும் பாத்துக்கிட்டு இருப்பாங்கல்லா?"

"மேடம், உங்க வீட்டுலயும்தான் பாத்துக்கிட்டு இருப்பாங்க."

குரலில் கோபமே இல்லை. பஸ் நேரம் சொல்வது போலச் சொன்னார்.

பணி நாள் 9 — காலை 8:50

காற்று இயந்திரம் பாதி வேகத்தில் ஓடுகிறது. நான் தொடவில்லை. கீழேயிருந்து குறைத்திருக்கிறார்கள். தலைவலி. எழுந்தால் கண் இருட்டுகிறது.

மாணவர்களிடம் வீராப்பாகச் சொல்வேன், எலும்பு பொய் சொல்லாது என்று. எலும்புக்கு மூச்சு முட்டாது. அதற்கென்ன, பேசாமல் கிடக்கும்.

பணி நாள் 10 — பகல் 11:00

சொல்லிவிட்டேன்.

"இந்த ஆறு எலும்புக்கூடுகளும் கல்லூரிப் பாட மாதிரிகளே என்று சான்றளிக்கிறேன்."

சொல்லும்போது அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பவில்லை. வெட்கமாக இருந்தது. உயிர் மேல் ஆசை இவ்வளவு இருக்கும் என்று நினைக்கவில்லை.

"ரொம்ப நன்றி மேடம். ஒரே ஒரு திருத்தம். ஏழுன்னு சொல்லிடுங்க."

"ஆறுதான் சார் இருக்கு."

"மேலிடத்துல ஏழு மாதிரின்னுதான் இருக்கு. ஏழுன்னே இருக்கட்டும். காத்து இப்பவே சரியாயிடும்."

ஏழு என்று சொல்லி மறுபடி அனுப்பினேன். காற்று சரியானது.

பணி நாள் 11 — பகல் 2:30

காலையிலிருந்து அறையைத் துழாவினேன். ஒருவரைக் கவனிக்காமல் விட்டுவிட்டேனோ என்ற பயம், ஆசிரியைப் புத்தி. எலும்புகள் கலந்து கிடந்தால் ஒரே பக்கத்து ஒரே எலும்பை எண்ண வேண்டும் என்று முதல் பருவத்திலேயே சொல்லிக்கொடுப்பேன். இடது தொடை எலும்புகளை எண்ணினேன்.

ஆறு. மறுபடியும் ஆறு.

ஏழாவதைத் தேடித் தரையில் மண்டியிட்டிருந்தேன். என் இடது தொடை மரத்துப்போயிருந்தது. கையால் பிடித்துத் தேய்த்தேன். அப்போதுதான் புரிந்தது.

பணி நாள் 11 — பகல் 2:50

கூப்பிட்டேன். சம்பத்குமாருடைய அலைவரிசையும் இப்போது இல்லை.

பணி நாள் 12 — காலை 10:10

காற்று இயந்திரம் நின்றுவிட்டது. நிலையத்துக் கணினியை அழித்துவிடுவார்கள். இந்தக் குறிப்புகள் என் சொந்தக் கைக்கருவியில் இருக்கின்றன. அதையும் அழிக்கலாம். ஆகவே இன்னொரு வேலையும் செய்கிறேன்.

மாதிரிகளுக்கு எண் எழுத ஒரு குப்பி கறுப்பு மையும் பேனாவும் கொண்டுவந்திருந்தேன். எண் எழுதவில்லை. ஒவ்வொருவருடைய இடது தொடை எலும்பிலும் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். 'கொத்து வேலை செய்தவர். முப்பது வயது இருக்கும்.' 'வலது கை ஒடிந்து, கட்டுப்போட ஆளில்லாமல் கோணலாகக் கூடியது.' 'தலைச்சுமை தூக்கியவள்.' எல்லோருக்கும் கீழே: 'நிலவில் வாழ்ந்தார். உள்ளே வைத்துப் பூட்டினார்கள்.'

பெயர்கள் தெரியவில்லை. எலும்பில் பெயர் இருப்பதில்லை. அது மட்டும்தான் இருப்பதில்லை.

பணி நாள் 12 — பகல் 1

கண்டெடுப்பவருக்கு. என் சான்று பொய். பயந்து சொன்னது. அடித்துவிடுங்கள்.

என் இடுப்பை ஸ்கேன் செய்யுங்கள். கெட்டியாக இருக்கும், வந்து பத்துப் பன்னிரண்டு நாள்தான். கணுக்காலைப் பாருங்கள். தடம் இருக்கும். அந்தப் பெண்ணுக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கிறேன். இங்கே சிரிக்கப் பிள்ளைகள் இல்லை.

என் எலும்பில் நானே எழுத முடியவில்லை. தோலும் சதையும் குறுக்கே இருக்கின்றன. தோலில் எழுதினால் நிற்காது. மைக்குப்பியைக் கைக்குள் வைத்து

1:20

மூடியிருக்கிறேன். நீங்கள் எழுதுங்கள். எண் வேண்டாம். ஜெபசீலி என்று

சம்பத்குமார் கணக்கில் தப்பு இல்லை ஏழுதான்

ஏழு பேர்