எட்டு மில்லி இரும்பு

மார்ச் 4
நாளை கணக்குப் பரீட்சை. படிக்கவில்லை.

அப்பா ஆலையில் இன்ஜினியர். சாயம் வேகும் பெரிய மூடிய இரும்புக் கலனை இனி இன்னும் அதிகச் சூட்டில் ஓட்டப் போகிறார்களாம். ஓட்டலாமா என்று கணக்குப் போட்டுக் கையெழுத்திட வேண்டியவர் அப்பா. "சூடு ஏற ஏற இரும்பு சோர்ந்துடும்மா. அதே அழுத்தத்தைத் தாங்கணும்னா சுவர்ல தடிமன் இருக்கணும்" என்றார்.

அங்கேயே வேலை செய்யும் அண்ணன்தான் கலன் சுவரின் தடிமனைக் கருவி வைத்து அளந்தான். கை கழுவும்போது மெதுவாகச் சொன்னான்: "பன்னிரண்டு மில்லி இருந்தது எட்டாத் தேஞ்சு போச்சு. அப்பா கையெழுத்துப் போடவே மாட்டார், பாரு."

மார்ச் 7
போட்டுவிட்டார். பன்னிரண்டு என்றே வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறார். அம்மாவிடம் சொன்னது கதவு வழியே கேட்டது. "மேல இருந்து நெருக்குறாங்க. இத்தனை வருஷம் ஓடினது, ஒண்ணும் ஆகாது."

ஒன்றும் ஆகாதென்றால் அண்ணனை மட்டும் ஏன் பேக்கிங் பக்கம் மாற்றினார்? வகுப்பில் என் பக்கத்தில் உட்காரும் சிட்டுவின் அப்பா அந்தக் கலனை ஒட்டித்தான் நிற்கிறார். அவரை ஏன் மாற்றவில்லை?

மார்ச் 8
அண்ணனிடம் கேட்டேன்.
"நான் எதையும் அளக்கலையே."
"எட்டுன்னு நீதானே சொன்னே?"
"கனவு கண்டியா? வாயை மூடிட்டுப் போய்ப் படி."

சைக்கிள் கற்றுக்கொடுத்தபோது கையை விட்டுவிட்டு, பிடித்திருக்கிறேன் என்று கத்திக்கொண்டே வருவான். அதே குரல்.

மார்ச் 9
சூட்டை ஏற்றிவிட்டார்கள்.

மார்ச் 11
"எங்கப்பா வெந்துபோய் வர்றார்டி. உப்புப் போட்டா பரிமாறிடலாம்" என்று சிட்டு சிரித்தாள். நானும் சிரித்துவைத்தேன்.

சொன்னால் அப்பாவைப் பிடித்துக்கொண்டு போவார்களா? சொல்லாவிட்டால் — ஐயோ.

மார்ச் 14
சொல்லிட்டேன். கழிவறைப் பக்கம் கூட்டிட்டுப் போய்ச் சொல்லிட்டேன். சிட்டு அழவில்லை. பையைக்கூட எடுக்காமல் ஓடினாள்.

மார்ச் 16
கலனை நிறுத்திவிட்டார்கள். எல்லார் முன்னாலும் மறுபடி அளந்தார்களாம். ஓரிடத்தில் எட்டுகூட இல்லையாம். அப்பாவை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

"பெத்த பொண்ணே..." என்றார். முடிக்கவில்லை. அண்ணன் தட்டிலிருந்து தலை தூக்கவில்லை. எனக்கு யாரும் தட்டு வைக்கவில்லை.

மார்ச் 19
சிட்டு வகுப்புக்கு வந்தாள். கட்டிப்பிடித்துக்கொள்வாள் என்று நினைத்து நகர்ந்து இடம் விட்டேன். உட்காரவில்லை.

"உனக்கு எப்போ தெரியும்?"
"சூடு ஏத்துறதுக்கு முன்னாடியே."
"அப்போ எங்கப்பா அங்க நின்னப்ப எல்லாம் நீ எம் பக்கத்துலதான் உட்கார்ந்திருந்தே."

முன் பெஞ்சில் இரண்டு பேரைத் தள்ளி உட்காரச் சொல்லி, அங்கே போய் உட்கார்ந்தாள்.