ஒண்ணும் மிஞ்சல என்றவளுக்கு

உன் எனாமல் கோப்பை இன்று காலையில் கிடைத்தது. இரவு மழையில் தோட்டத்து லயத்துக்குப் பின்னால் சரிவு கொஞ்சம் இறங்கி, என் கீரைப் பாத்தி முழுக்கச் செம்மண். அந்த மண்ணுக்கு மேலே, யாரோ வைத்துவிட்டுப் போனதுபோல, நீல விளிம்பு போட்ட கோப்பை. காணோம் காணோம் என்று ஒரு காலத்தில் லயத்தையே இரண்டாக்கினாயே, அதேதான். கழுவும்போதே, பேச்சுக்குப் பேச்சு 'லா' போடும் உன் குரல் கேட்டது: "மேல கெடந்தா புதுசாயிடுமா லா?" நீ கண்ணை மூடிய பிறகு நான் வாய்விட்டுச் சிரித்தது இன்றைக்குத்தான்.

என் வீட்டுக்காரர் இறந்தபோது நான் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். கொழுந்தெடுக்கப் போகவில்லை, யாரோடும் பேச்சில்லை. வந்தவர்கள் எல்லாம் மனதைத் தேற்றிக்கொள்ளச் சொன்னார்கள். நீ மட்டும் அதைச் சொல்லவே இல்லை. வேலை முடிந்து இரண்டு கோப்பைத் தேநீரோடு வருவாய். பக்கத்தில் உட்கார்ந்து போன் பார்ப்பாய். ஒருநாள் டைனோசர் வீடியோ. வானத்திலிருந்து பெரிய கல் விழுந்து அந்த இனம் அழிந்ததாம். ஆனால் அதற்குப் பிந்தைய மண்ணடுக்கிலும் சில எலும்புகள் கிடைத்ததால், கொஞ்சம் பிழைத்திருக்கலாம் என்று சில விஞ்ஞானிகள் சொல்கிறார்களாம். பழைய எலும்பைத்தான் ஆறு அரித்துக்கொண்டுவந்து புது மண்ணில் போட்டது என்கிறார்களாம் மற்றவர்கள்.

"எல்லாம் செத்துப்போச்சுக்கா. ஒண்ணும் மிஞ்சல," என்றாய்.

எனக்குச் சுருக்கென்றது. "அதெப்படி ஒண்ணும் மிஞ்சாம போவும்? எலும்பு மேல கெடக்குதுல்ல?"

"தண்ணி இழுத்துட்டு வந்திருக்கும் லா. பெர்த்தாம் ஊருல வெள்ளத்தோட சேறு வந்தப்போ, எங்க சின்னம்மா வீட்டுல எப்பவோ தொலைஞ்ச பித்தளைச் செம்பு புது சேத்துக்கு மேல கெடந்துச்சு. அதுக்காக அது நேத்து வாங்குன செம்பா?"

அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை, கோபத்தில். கோழியும் குருவியும் டைனோசர் வம்சம்தானே என்று மறுநாள் மடக்கினேன். "அது கணக்குல வராது," என்று தள்ளிவிட்டாய். எலும்பெல்லாம் கோத்தபடி முழுசாகக் கிடந்தால் ஒத்துக்கொள்வதாகச் சொன்னாய். தண்ணீர் அடித்துவந்தது எப்படிக் கிடக்கும் என்று பார்க்கத்தான் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு சரிவுக்குப் போனேன். வெயில் முகத்தில் பட்ட பிறகுதான், வீட்டை விட்டு வெளியே வந்திருக்கிறேன் என்பதே உறைத்தது. அடுத்த வாரம் வேலைக்கும் வந்துவிட்டேன். தேயிலை நிரையிலும் சண்டை. "டைனோசர மேச்சது போதும், கொழுந்தப் பாருங்க!" என்று கங்காணி கத்துவார்.

கடைசிவரை நீ விட்டுக்கொடுக்கவே இல்லை. பிடிவாதக்காரி என்றுதான் நினைத்திருந்தேன்.

இன்று மாலை அந்தக் கோப்பையில் தேநீர் ஊற்றிக்கொண்டு உன் வீட்டுக்குப் போனேன். உன் வீட்டுக்காரர் இப்போது வேலைக்குப் போவதில்லை. அவர் திரிங்காப் ஊருக்கு ஓட்டிய காய்கறி லாரியை வேறு ஆள் ஓட்டுகிறான். கோப்பையை வாங்கி விளிம்பைத் தடவினார். மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள் என்று நானும் சொல்லவில்லை.

"டைனோசர் ஒண்ணுகூட மிஞ்சல தம்பி," என்றேன்.

நிமிர்ந்து பார்த்தார். "அவளும் ஒங்ககிட்ட அப்படித்தானேக்கா சொன்னா? வீட்டுக்கு வந்தா, கொஞ்சமாச்சும் மிஞ்சியிருக்கும்னு என்கிட்ட சண்டை பிடிப்பா. 'அக்காகிட்ட சொல்லிடாதீங்க, அப்புறம் பழையபடி பேசாம உக்காந்துடுவாங்க'ன்னுவா."

அடி கள்ளி! பிழைத்திருக்கும், பிழைத்திருக்கும் என்று என் வாயாலேயே தினமும் சொல்லவைக்கத்தான் எதிர்க்கட்சியில் உட்கார்ந்தாயா? உனக்கு நன்றி சொல்ல ஒரு தடவைகூட எனக்குத் தோன்றாமல் பார்த்துக்கொண்டாயே. இப்போது சொல்கிறேன், கேட்டுக்கொள். உன்னால்தான் இருக்கிறேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டேன். "அவ சொன்னா ஆச்சா? எல்லாம் தண்ணி இழுத்துட்டு வந்த எலும்பு."

"அதெப்படிக்கா?" என்று உன் வீட்டுக்காரர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.