ஒரு தள்ளுவண்டிக் கீரை

அன்புள்ள வீபெ,

எங்கள் ஆய்வகத்தில் பரட்டைக்கீரைச் சத்து கொடுத்த எலிகளில், உடலின் எதிர்ப்புச் செல்களின் கண்ணில் படாமல் ஒளிந்திருந்த புற்றுக்கட்டி அவற்றிடம் மாட்டிக்கொண்டது என்று சொன்னேன். எலிகளுக்குக் கொடுத்த அளவுக்கு நீ தினமும் ஒரு தள்ளுவண்டி தின்ன வேண்டும் என்றும் சொன்னேன். "அதுக்கென்ன, ஒரு தள்ளுவண்டி வெளைச்சிட்டாப் போச்சு" என்று தோட்டம் முழுக்க நட்டாய். உனக்குச் சின்ன வயதிலிருந்தே பிடிக்காத கீரை.

நேற்று, உன் கட்டிக்குப் போட்டுவந்த ஊசியால் இனிப் பயனில்லை, நிறுத்திவிடலாம் என்று டாக்டர் சொன்னார். வீட்டுக்கு வந்ததும், "இன்னைக்குக் கீரை ரெண்டு கரண்டி கூடவே போடு" என்றாய்.

காலையில் கீரைமேல் கட்டியிருந்த வலையை அவிழ்த்துவிட்டேன். முயல்கள் தின்னட்டும். சாயங்காலம் உனக்குப் பிடித்த ஹெர்ரிங் மீன் வாங்கி வருகிறேன், வெங்காயத்தோடு. இனிமேல் பசிக்குச் சாப்பிடுவோம்.

உன்னவள்