ஜன்னலைச் சாத்து

வால்தோர்னா, 2 டிசம்பர் 1973

என் ஜிசெல்லாவுக்கு,

குழந்தை தூங்குகிறான். எந்த நிமிஷமும் எழுந்துவிடுவான் என்ற பயத்தோடு எழுதுகிறேன், கையெழுத்தைப் பார்த்துக் கேலி செய்யாதே. நேற்றிலிருந்து லேசாக இருமுகிறான். டாக்டர் ஒன்றுமில்லை என்கிறார். அவர் ஒன்றுமில்லை என்று சொன்னால்தான் எனக்குச் சந்தேகமே வருகிறது.

ரோமிலும் இன்று கார் ஓடவில்லையா? பெட்ரோல் தட்டுப்பாடு என்று அரசாங்கம் ஞாயிற்றுக்கிழமைகளில் காருக்குத் தடை போட்டாலும் போட்டது, எங்கள் வீட்டில் ஒரு நாடகமே நடந்துவிட்டது. என் மாமனார் பால்காரரின் குதிரையை இரவல் வாங்கிப் பூசைக்குக் கிளம்பினார். மேயர் அல்லவா, ஊருக்கு முன்மாதிரி. "நாடு கஷ்டப்படுறப்ப முதலாளியும் கஷ்டப்படணும்" என்று வாசலில் நின்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னார். பூசை முடிந்ததும் வழக்கம்போல் 'கட்சி வேலையாக' பக்கத்து ஊர்ப் புகையிலைக் கடைக்காரி வீட்டுக்குப் போனார். காராக இருந்தால் தேவாலயத்துக்குப் பின்னால் ஒளித்திருப்பார். குதிரையைக் கொல்லைப்புறம் கட்டியிருக்கிறார். அதற்கோ வாசலில் நின்றுதான் பழக்கம். கயிற்றை அறுத்துக்கொண்டு வந்து அவள் வீட்டு வாசலில் இரண்டு மணி நேரம் நின்றிருக்கிறது. போகிறவர் வருகிறவர் எல்லாம் அதைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்களாம். விவாகரத்துச் சட்டத்தை ஒழிக்க வாக்கெடுப்பு வருகிறதே, அதற்காக வரும் வாரம் 'குடும்பம் புனிதமானது' என்று பேசப் போகிறவரும் அவர்தான்.

மதியம் சாப்பாட்டு மேஜையில் யாரும் வாய் திறக்கவில்லை. பியேராவைத் தவிர. அவள் இருபது வருடம் எங்கள் ஆலையில் தறி ஓட்டிவிட்டு இப்போது எங்கள் வீட்டில் சமைக்கிறாள். தறிச் சத்தத்தில் காது எதற்கும் உதவாது என்பதால் இங்கே நெசவுக்காரர்கள் எல்லாருமே குரல் இல்லாமல் உதட்டால் பேசுவார்கள், உதட்டைப் பார்த்தே புரிந்துகொள்வார்கள். ஜன்னலுக்கு வெளியே நின்ற தோட்டக்காரருக்குப் பியேரா குதிரைக் கதை முழுவதையும் அப்படியே சொல்லிக்கொண்டிருந்தாள். "என்ன வாயைச் சும்மா மெல்லுற?" என்றார் மாமியார். "பல்லு வலிங்கம்மா" என்றாள். என் கணவர் எத்தோரே அப்பாவின் பத்திரிகைக்குள் இடதுசாரிப் பத்திரிகையை வைத்துப் படித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து மாமியார், "எங்க வீட்டுப் பேராசிரியை ஏன் சிரிக்கிறாங்க?" என்றார். தூரின் பல்கலைக்கழகத்தில் நாம் வாங்கிய பட்டத்துக்கு இந்த வீட்டில் கிடைக்கும் மரியாதை அது.

உனக்கு மட்டும் தெரிந்த அந்த ஒரு விஷயத்தைத் தவிர, மற்றதெல்லாம் இங்கே சிரிப்புதான்.

பத்திரிகையில் நீ வேலை செய்யும் சினிமாவின் பெயரைப் பார்த்தேன்: 'ஒரு ஆலை, ஒரு மெத்தை, ஒரு ஓட்டு'. எந்த ஆலைடி அது?

உன்,
ஒர்ஸோலா

*

ரோம், 14 டிசம்பர் 1973

அன்பு ஒர்ஸோலா,

உன் கேள்விக்கு நான்கு நாளாகப் பதில் எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன்.

ஒரே மேஜையைச் சுற்றி ஐந்து பேர் உட்கார்ந்து அந்தப் படத்தை எழுதினோம். நான்கு ஆண்கள், நான். அவர்கள் பேசுவார்கள், நான் தட்டச்சு செய்வேன், காப்பி போடுவேன். ஒருநாள், "மில் முதலாளி வீட்டுல என்னதான் பேசிக்குவாங்க? யாருக்காவது தெரியுமா?" என்றார் இயக்குநர். உன் கடிதம் ஒன்று என் பையில் இருந்தது. வாசித்தேன். சிரித்துச் சிரித்துக் கண்ணீர் விட்டார்கள். "உட்காரும்மா, காப்பியை வேற யாராவது போடட்டும்" என்றார்கள். மறுநாள் இன்னொரு கடிதம் கொண்டுபோனேன்.

பிறகு கதை முடிவில்லாமல் நின்றது. தயாரிப்பாளர் கத்தினார். அன்றைக்கு, எனக்கு மட்டும் தெரிந்த அந்த விஷயத்தையும் சொல்லிவிட்டேன். நானே கற்பனை செய்ததாகச் சொன்னேன், உன்மேல் ஆணை.

இதுதான் காட்சி: ஞானஸ்நான விருந்து. முதலாளியின் மருமகள் குழந்தையோடு நிற்கிறாள். வேலைநிறுத்த நோட்டீஸ் கொடுக்க ஒரு தொழிலாளி உள்ளே வருகிறான். அவனிடம் அவள், "இது உன் பிள்ளை. டிசம்பர்ல, கம்பளி மூட்டை மேல" என்கிறாள். அவன் மயங்கிக் கேக்கின் மேல் விழுகிறான். முகம் நிறையக் கிரீம். எல்லாரும் கைதட்டுகிறார்கள்.

ஊர் வேறு, பெயர்கள் வேறு. படப்பிடிப்பு போன மாதமே முடிந்துவிட்டது. என் பெயர் முதல் முறையாகத் திரையில் வரப் போகிறது, ஒர்ஸோ. உன்னைத் தவிர வேறு யாரிடம் சொல்லிச் சந்தோஷப்படுவேன் என்று யோசித்தேன். பிறகுதான் என்ன செய்திருக்கிறேன் என்று உறைத்தது.

திட்டி எழுது.

ஜிசெல்லா

*

வால்தோர்னா, 20 டிசம்பர் 1973

ஜிசெல்லா,

திட்டவில்லை. திட்டுவதற்குத் தெம்பு வேண்டும். உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து குழந்தையைக் கீழே விடாமல் இடுப்பிலேயே வைத்திருக்கிறேன். பியேராகூட, "இறக்கி விடுங்கம்மா, நடக்க மறந்துடப்போறான்" என்கிறாள்.

ஊர் வேறு, பெயர் வேறு என்கிறாய். இரண்டு வருடத்துக்கு முன்னால் டிசம்பரில் தொழிலாளர்கள் ஆலையைப் பிடித்து வைத்திருந்தபோது, மாமனாருக்குத் தெரியாமல் அவர்களுக்குப் போர்வை கொண்டுபோன முதலாளி வீட்டு மருமகள் இந்த ஊரில் ஒருத்திதான். எங்கள் தேயோ அடுத்த செப்டம்பரில் பிறந்தான். விரல்விட்டு எண்ண யாருக்குத் தெரியாது?

உன் பிள்ளை என்று ஓரெஸ்தேயிடம்கூட நான் சொல்லவில்லை. அவன் தறிக்கூடத்தில் இருக்கிறான், சங்கத்துக்காகப் பேசுகிறான், தெருவில் என்னைக் கண்டால் தொப்பியைத் தொடுகிறான். அவ்வளவுதான். அவனுக்குத் தெரியாதவரை தேயோ பத்திரமாக இருக்கிறான்.

எத்தோரே கெட்டவர் இல்லை. குழந்தை இருமினால் என்னைவிட முதலில் எழுந்திருக்கிறவர் அவர். ஆனால் அவருடைய வாயில் வருவது எப்போதும் அவருடைய அப்பாவின் வார்த்தை. சட்டமும் பிள்ளை அப்பாவின் அதிகாரத்தில் என்றுதான் சொல்கிறது. என்னை நடத்தை கெட்டவள் என்று வீட்டைவிட்டு அனுப்ப ஒரு வக்கீல் போதும். தேயோவை அனுப்ப மாட்டார்கள். மாமியாருக்கு ஆலைக்கு ஒரு வாரிசு வேண்டும். யாருக்குப் பிறந்தவன் என்பதைக்கூட விழுங்கிவிடுவார். வாரிசின் அம்மாதான் அவருக்கு வேண்டாம்.

அந்தக் காட்சியை வெட்டச் சொல். காலில் விழுந்தாவது சொல். வேறு எதுவும் நான் உன்னிடம் கேட்டதில்லை.

ஒர்ஸோலா

*

ரோம், 9 பிப்ரவரி 1974

அன்பு ஒர்ஸோலா,

காலில் விழுந்தேன். "அந்தக் காட்சிக்காகத்தானே பணமே போட்டேன், போம்மா" என்றார் தயாரிப்பாளர்.

ஆனாலும் ஒரு வழி கிடைத்தது. எங்கள் தொழிலில் ஒரு வசதி இருக்கிறது. படம் பிடிக்கும்போது குரலைப் பதிவு செய்வதில்லை. வசனம் மனப்பாடம் ஆகாத நடிகர்கள் கேமராவுக்கு முன்னால் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டு நிற்பார்கள். பேச்செல்லாம் பிறகு ஒலிக்கூடத்தில், பெரும்பாலும் வேறு ஆட்களின் குரலில். அங்கே நான்தான் வசனத் தாளோடு உட்கார்ந்திருக்கிறேன்.

நேற்று அந்தக் காட்சி வந்தது. வாயசைவுக்கு ஒத்துப்போகிற மாதிரி புது வரி எழுதிக் கொடுத்தேன். இப்போது மருமகள் அவனிடம், "அந்த ஜன்னலைச் சாத்து. குழந்தைக்குக் காத்து ஆகாது" என்கிறாள். அதைக் கேட்டு அவன் மயங்கி விழுகிறான். இயக்குநர் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "முதலாளியம்மா வேலை ஏவினதுக்கே தொழிலாளி வர்க்கம் விழுந்துடுச்சு, இது இன்னும் பிரமாதம்" என்றார்.

டிசம்பரும் இல்லை, மூட்டையும் இல்லை, பிள்ளையும் இல்லை. இனி நிம்மதியாகத் தூங்கு. தேயோவின் இருமல் எப்படி?

ஜிசெல்லா

*

வால்தோர்னா, 28 ஏப்ரல் 1974

ஜிசெல்லா,

படம் எங்கள் ஊருக்கு வந்தது. வராமல் இருக்குமா? மேயர் என்று மாமனாருக்கு மாடியில் முன்வரிசையை ஒதுக்கியிருந்தார்கள். நான் வரவில்லை என்றேன். "நம்ம பேராசிரியையோட சிநேகிதி எழுதின படமாச்சே, வராம எப்படி?" என்றார் மாமியார். மாடியில் நாங்கள், மருந்துக்கடைக்காரர், பாதிரியாரின் தங்கை. கீழே முழுக்க நெசவுக்காரர்கள்.

படத்தில் முதலாளி வந்ததும் மாமனார் என் பக்கம் சாய்ந்து, "அப்படியே அந்த சாயப்பட்டறைக்காரன், பாரு" என்று சிரித்தார். குதிரையைக்கூட நீ விடவில்லை. படப்பிடிப்பு முடிந்த பிறகுதானே எழுதினேன், ஒலிக்கூடத்தில் யார் வாயில் செருகினாய்? அதற்கும் அவர்தான் பலமாகச் சிரித்தார். எத்தோரே, "இந்தப் புருஷன் என்ன இப்படி ஒரு அசடு" என்றார். தங்களைத் தவிர மற்ற எல்லாரையும் இவர்கள் அடையாளம் கண்டுகொண்டார்கள். எனக்குக்கூடக் கொஞ்சம் மூச்சு வந்தது. நீ ஜெயித்துவிட்டாய் என்று நினைத்தேன்.

ஞானஸ்நான விருந்து வந்தது. அந்த நடிகையின் முகம் திரை முழுக்க. "அந்த ஜன்னலைச் சாத்து" என்றாள். மாடி வெடித்துச் சிரித்தது.

கீழே ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. அதுவரை எங்களைவிடச் சத்தமாகச் சிரித்துக்கொண்டிருந்தவர்கள். பிறகு தலைகள் திரும்பின. ஒன்று, இரண்டு, பிறகு வரிசை வரிசையாக, மாடியைப் பார்த்து. திரையின் வெளிச்சத்தில் அவ்வளவு முகங்கள். "என்ன, கீழ எல்லாரும் தூங்கிட்டானுங்களா?" என்றார் மாமனார்.

வீட்டுக்கு வந்து பியேராவிடம், "படம் புடிச்சிருந்துச்சா?" என்று கேட்டேன். அவள் கோழியைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பொம்பள ஜன்னல்னு சொல்லலைங்கம்மா" என்றாள்.

"ஜன்னலைச் சாத்துன்னு தானே சொன்னா?"

"காதுக்கு அப்படித்தான். வாய் வேற ஒண்ணு சொல்லிச்சு. டிசம்பர்னுச்சு. மூட்டைனுச்சு." கையைத் துடைத்துக்கொண்டு தேயோவைப் பார்த்தாள். "என்னைச் சுத்தி இருநூறு பேர் இருந்தாங்க. எல்லாருக்கும் கண்ணு இருக்குங்களே."

உன் நடிகை கேமராவுக்கு முன்னால் ஒன்று, இரண்டு என்று எண்ணவில்லை, ஜிசெல்லா. எழுதிக்கொடுத்ததையே பேசியிருக்கிறாள். நீ குரலை மட்டும்தான் மாற்றினாய். எங்கள் ஊர் குரலைக் கேட்கிற ஊர் இல்லை என்று நானே உனக்கு எழுதினேன், பல்லுவலி என்று சிரிக்கச் சிரிக்க எழுதினேன். உனக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. நாம் இரண்டு பேரும் மாடியில் உட்கார்ந்தவர்கள்தானே.

நேற்று தேயோவைத் தள்ளுவண்டியில் வைத்துக் கடைத்தெருவுக்குப் போனேன். எதிர்ப்பக்கம் ஓரெஸ்தே. தொப்பியைத் தொடவில்லை. குழந்தையை வெகு நேரம் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்து ஏதோ சொன்னான். குரலே இல்லை, உதடு மட்டும். மூன்று நான்கு வார்த்தை இருக்கும். திரும்பவும் சொன்னான், மெதுவாக, குழந்தைக்குச் சொல்வதுபோல. எனக்குப் புரியவில்லை. பயமுறுத்தினானா, பயப்படாதே என்றானா, கொடு என்றானா, தெரியவில்லை. நான் தலையை ஆட்டினேன். எதற்கு ஆட்டினேன் என்றும் தெரியவில்லை. அவன் போய்விட்டான்.

அடுத்த வாரம் மாமனார் நாற்பது பேரை வேலையிலிருந்து நிறுத்தப் போகிறார். பேச்சுவார்த்தைக்குச் சங்கத்தின் சார்பில் வரப்போவது ஓரெஸ்தே. ரொட்டிக் கடையில், தேவாலயத்தில், எங்கே போனாலும் என்னைச் சுற்றி உதடுகள் அசைகின்றன. என் பிள்ளையை என்ன செய்வதென்று என் கண்ணெதிரே முடிவாகிறது. எனக்கு ஒரு சொல்லும் தெரியவில்லை.

ஒர்ஸோலா

*

ரோம், 6 மே 1974

என் ஒர்ஸோ,

அந்த நடிகையைத் தேடிப்பிடித்துக் கேட்டேன். "நான் நாடக மேடையில இருந்து வந்தவ. எண்ணுறதெல்லாம் எனக்கு வராது" என்றாள். பெருமையாகச் சொன்னாள்.

என்னிடம் ஓர் அறை இருக்கிறது. சின்னதுதான். தேயோவோடு ரயிலேறி வந்துவிடு. சட்டம் என்ன சொல்லும் என்று தெரியும், ஆனாலும் வா. வர முடியாவிட்டால் எழுதவாவது செய். இங்கே எல்லாரும் அடுத்த கதை என்ன என்று கேட்கிறார்கள். நான் வாயைத் திறப்பதில்லை. உன் கடிதங்களை இனி யாரிடமும் வாசிக்க மாட்டேன். என்ன நடந்தது? நாற்பது பேர் என்ன ஆனார்கள்? அவன் ஏதாவது சொன்னானா?

ஒரு வரி போதும்.

ஜிசெல்லா

*

வால்தோர்னா, 9 ஜூன் 1974

அன்புள்ள ஜிசெல்லாவுக்கு,

நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். கடிதம் கிடைத்தது, நன்றி.

இங்கே ஒரு வாரமாக மழை. தேயோவுக்குக் கடைவாய்ப்பல் முளைக்கிறது, இருமல் நின்றுவிட்டது. மாமனார், மாமியார், எத்தோரே எல்லாரும் சௌக்கியம். வாக்கெடுப்பில் மாமனாரின் கட்சி தோற்றதைப் பத்திரிகையில் பார்த்திருப்பாய். பேச்சுவார்த்தைக்குப் பிறகு ஆலையில் யாரையும் நிறுத்தவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியாது.

பகலில் சமையலறையில்தான் இருக்கிறேன். பியேரா கேரட் நறுக்கிக்கொண்டே எனக்கு உதடு பார்க்கச் சொல்லித் தருகிறாள். 'ரொட்டி', 'தண்ணீர்', 'பையன்', இவ்வளவுதான் இதுவரை வருகிறது. "படிச்சவங்களுக்குச் சட்டுனு வராதுங்கம்மா" என்கிறாள். அந்தப் பேச்சுக்குக் காகிதம் வேண்டியதில்லை.

உன் படங்கள் நன்றாக ஓடட்டும்.

இப்படிக்கு,
ஒர்ஸோலா கரேல்லி