ஊதா வளையம்

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். கப்பலுக்கு எத்தனை முறை போன் போட்டாலும் லைன் கிடைக்கவில்லை. உங்கள் கம்பெனியில் கேட்டதற்கு, எழுதிக் கொடுத்தால் அடுத்த துறைமுகத்தில் உன் கையில் சேர்த்துவிடுவதாகச் சொன்னார்கள். அதனால்தான் கடிதம். உன் மனைவி, நம் சின்னவள், ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். உயிருக்குப் பயமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படி.

எங்கள் ஆராய்ச்சிக் கூடத்தில் சின்னப் பண்ணைகளின் பால் தரத்தைப் பற்றி ஒரு வேலை எடுத்திருக்கிறோம். எந்தப் பண்ணையில் பால் நன்றாக இருக்கிறது, ஏன் என்று பார்ப்பது. சின்னவள் நடத்தும் நம் பண்ணைப் பாலையும் வாங்கி வந்தேன், கொஞ்சம் பெருமையோடுதான். கொழுப்பு, சுத்தம், வாசனை எல்லாவற்றிலும் முதல் இடம். கூட வேலை செய்பவர்கள், "மேடம், இது சொந்தக்காரங்க பாலா? மார்க்கை அள்ளிப் போட்டிருக்கீங்களே" என்று கிண்டல் செய்தார்கள்.

பிறகு நோய்க்கான சோதனை. பாலில் ஒரு சாயத்தைக் கலந்து வைப்போம். மாட்டுக்கு நோய் இருந்தால் மேலே ஏடு மிதக்கும் இடத்தில் ஊதா நிறத்தில் வளையம் கட்டும். நம் பாலில் கட்டியது. நான் ஏதோ தப்பாகச் செய்துவிட்டேன் என்று நினைத்துத் திரும்பச் செய்தேன். அப்புறம் யார் வீட்டுப் பால் என்று சொல்லாமல் இன்னொருவரிடம் கொடுத்துச் செய்யச் சொன்னேன். மாடுகளின் ரத்தத்தையும் எடுத்துப் பார்த்தோம். எல்லாம் ஒரே பதிலைத்தான் சொல்லின. கன்றுகளைக் கருவிலேயே கலைத்துவிடும் நோய் அது. பாலிலும் வரும், கன்று விழும்போது வரும் நீரிலும் ரத்தத்திலும் வரும். மனிதர்களையும் பிடிக்கும்.

பண்ணையில் அடுத்தடுத்து மாடுகளுக்குக் கன்று கலைந்ததை உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று சின்னவள் நினைத்திருக்கிறாள். கடலில் இருக்கிறவருக்கு எதற்குக் கவலை என்று. என்னிடமும் சொல்லவில்லை. தீவனத்தில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்து, தீவனக்காரரோடு சண்டைகூடப் போட்டிருக்கிறாள். அவள் சண்டை போட்டால் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும், பாவம் அந்த மனுஷன். கடைசியாக ஒரு மாடு தவித்தபோது பக்கத்தில் யாரும் இல்லாமல், வெறும் கையால் இவளே கன்றை வெளியே எடுத்திருக்கிறாள். அதற்குப் பிறகுதான் காய்ச்சல் ஆரம்பித்தது. சாயங்காலம் ஏறும், காலையில் வேர்த்து இறங்கும். இடுப்பு வலி வேறு. வயிற்றில் பிள்ளையோடு இருக்கும்போது இதெல்லாம் சகஜம் என்று என்னிடம் சொல்லாமலே விட்டிருக்கிறாள்.

நோய் வந்த மாடுகளை வைத்திருக்க அனுமதி இல்லை, கொண்டுபோய் அழித்துவிடுவார்கள். மாட்டுக்கு இதைத் தீர்க்கும் மருந்தும் இல்லை. நான் சொன்னதும், "அண்ணி, ஆராய்ச்சி பண்றவங்கதானே நீங்க? ஒரு மருந்து கண்டுபிடிங்க. நான் காத்திருக்கேன்" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். நிஜமாகவே கேட்டாள், தம்பி. இத்தனை வருஷம் படித்து, அந்தக் கிருமியைப் பற்றித் தெரியாதது ஒன்றுமில்லை என்று இருந்தவள் நான். நம் மாடுகளை மட்டும் விட்டுவிட முடியுமா என்று எங்கள் டைரக்டரிடம் போய் நின்றேன். அவரும் நல்லவர்தான். "உங்க வீட்டு மாடுன்னா நோய் பரவாதாம்மா?" என்று மெதுவாகக் கேட்டார். திரும்பி வந்துவிட்டேன்.

மாடுகளை ஏற்றிப் போக லாரி வந்த அன்று மற்ற மாடுகள் ஏறிவிட்டன. 'மேனேஜர்' மட்டும் நகரவில்லை. உன் பாங்க் மேனேஜர் மாதிரியே முறைக்கிறது என்று நீ பேர் வைத்தாயே, அதே முறைப்போடு நின்றது. ஆட்கள் கயிற்றைப் போட்டு இழுக்கப் போனார்கள். சின்னவள், "அடிக்காதீங்க, இழுக்காதீங்க, நான் போனா வரும்" என்று சொல்லிவிட்டு, பலகையைப் பிடித்துப் பிடித்து லாரிக்குள் ஏறினாள். அதுவும் பின்னாலேயே ஏறியது. அவள் அதன் கழுத்தைத் தடவிவிட்டு இறங்கினாள். அழவில்லை. கொட்டகையைக் கழுவ வந்தவர்களுக்குத் தண்ணீர்க் குழாயைக் காட்டினாள். அப்புறம் கையை வயிற்றில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். அங்கிருந்துதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

இப்போது காய்ச்சல் குறைந்துவிட்டது. மாத்திரையை வாரக்கணக்கில் நிறுத்தாமல் சாப்பிட வேண்டும், நான் பார்த்துக்கொள்கிறேன். கொஞ்சம் கஞ்சி குடிக்கிறாள். முதலில் ஜன்னல் பக்கக் கட்டில் கேட்டு வாங்கிக் கொடுத்திருந்தேன். இரண்டு நாள் கழித்து, என்னிடம் கேட்காமலே நர்ஸிடம் வேறு வார்டுக்கு மாற்றச் சொன்னாள். முன்னே இருந்த வார்டில் பிறந்த குழந்தைகளின் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. நர்ஸ் காரணம் கேட்கவில்லை, மாற்றிவிட்டாள்.

இதற்கு மேல் என்னால் எழுத முடியாது. "அவருகிட்ட நான்தான் அண்ணி சொல்லணும். நீங்க எழுதக் கூடாது" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். சத்தியம் செய்து கொடுத்திருக்கிறேன்.

தம்பி, துறைமுகத்தில் இறங்கியதும் முதல் வேலையாக அவளுக்குப் போன் செய். மாடுகளைப் பற்றிக் கேட்காதே. கையுறை போட்டிருக்கலாமே, முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்று ஒரு வார்த்தை உன் வாயிலிருந்து வரக் கூடாது. அவள் சொல்லும்வரை நீயாக எதையும் கேட்காதே. அவள் பேசாமல் அழுதுகொண்டே இருந்தாலும் போனை வைத்துவிடாதே. அவள் சொல்லி முடித்ததும், வருகிறேன் என்று மட்டும் சொல். சொன்னபடி வந்துவிடு.

நீங்கள் இரண்டு பேரும் நன்றாக இருக்க வேண்டும். எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம்.

உன் அக்கா