வெளியே வைக்கும் மோடம்

12 ஜூன் 2007, செவ்வாய்

என் மனைவி கலா ஒரு கம்பெனிக்காக வீட்டிலிருந்தே டைப் செய்து மெயிலில் அனுப்புகிறாள். இன்றும் பழைய மோடம் நின்று, பாதியில் இன்டர்நெட் கட்டாகிவிட்டது. இன்னொரு முறை தாமதமானால் கம்பெனியில் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்களாம்.

ஒரகடத்தில் ஷிப்ட் முடிந்து வரும்போது, ஒரு கம்ப்யூட்டர் கடையில், போன் லைனில் இன்டர்நெட்டை இணைக்க கம்ப்யூட்டருக்குள்ளேயே பொருத்தும் மோடம் கார்டு கேட்டேன். கடைக்காரர் தயங்கினார். "உங்க மெஷின் பழசு சார். இந்தக் கார்டு எல்லா வேலையையும் மெஷின் தலையிலதான் கட்டும். வெளிய வெக்கிற மோடம் பெட்டின்னா தானே பாத்துக்கும்."

மேசையில் இடமில்லை என்று சொல்லி, கார்டையே வாங்கி வந்தேன்.

கலா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நீங்க நைட் ஷிப்ட் போய்ட்டா, இது நின்னா நான் இன்னா பண்றது? பெட்டின்னா லைட்டு அணைஞ்சா தெரியும். நானே ஆஃப் பண்ணி ஆன் பண்ணிக்குவேன்."

அந்த மேசையில் உட்காருகிறவள் அவள். அவளைக் கேட்காமல் இடத்தைப் பற்றிப் பேசிவிட்டு வந்திருக்கிறேன்.

காலையில் மாற்றி வருகிறேன் என்றேன்.

"நானும் வர்றேன்" என்றாள்.